எண்பத்திரண்டு தசம் ஒன்று

பதிவுத் தபால்
ஓர்ஸ் ஹில், திருகோணமலை
03.02.2024

திரு. க. குணரத்தினம் அவர்களுக்கு,

நான் ஸைனுலாப்தீன். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன், ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன். இருபத்தேழு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. அதனால் யாரென்று எழுத வேண்டியிருக்கிறது.

தொலைபேசியில் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். பினாங்கில் வாங்கிய அடியோடு இடது காது போய்விட்டது. அது ஒரு காரணம். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு சொல்லவில்லை என்று மறுக்கலாம். அது மற்றக் காரணம். கடிதம் கையில் இருக்கும்.

உள்துறைமுகத்துப் பக்கம் கட்டியிருக்கும் புதிய உடற்பயிற்சி மண்டபத்துக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள். ஏப்ரல் இருபதாம் திகதி திறப்பு. குத்துச்சண்டைக் குழுச் செயலாளர் ரிஷாத் மாஸ்டர் என் விபரங்களை இரண்டு பக்கங்களில் எழுதி, கொழும்புக்கு வந்து உங்கள் கையில் தந்தார். ஒன்று 1983 முதல் 1992 வரை நான் இங்கே அமெச்சூராகப் போட்ட இருபத்துமூன்று சண்டைகள். மற்றது மலேசியாவிலும் பாங்கொக்கிலும் தொழில்முறையாகப் போட்ட ஒன்பது. அந்தக் காலத்தில் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர் நீங்கள். உங்கள் கையொப்பம் இல்லாமல் குழு ஏற்காது.

தொழில்முறைப் பக்கத்தில் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள். அமெச்சூர்ப் பக்கத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

பினாங்கில் நீங்கள் இருந்தீர்களா? இல்லை. பாங்கொக்கில்? இல்லை. இங்கே இருபத்துமூன்று சண்டையிலும் என் மூலையில் துவாயோடு நின்றவர் யார்? பார்க்காததற்குச் சாட்சி சொல்கிறீர்கள். பார்த்ததற்கு மாட்டேன் என்கிறீர்கள். படிக்காதவன்தான், ஆனால் சாமான் சுற்றி வந்த பத்திரிகைக் கடதாசியில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்கு இது விளங்காமல் இல்லை.

1992 இறுதிப் போட்டிக்கு முன்னர் நான் மூன்று தரம் கக்கூசுக்கு ஓடினேன், பயந்துவிட்டேன் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

காரணத்தை எழுத்தில் தரவும்.

மு. ஸைனுலாப்தீன்


வெள்ளவத்தை
12.02.2024

அன்புள்ள ஸைனுலாப்தீன் நானாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைத் திறக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். இன்னும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகத்தான் நிறுத்துகிறீர்கள். உம்மு குல்சும் அக்கா சுகமா?

தொழில்முறைப் பக்கத்தோடு பத்திரிகை நறுக்குகள் இருந்தன. ஏழு வெற்றி, ஒரு சமநிலை, கடைசியில் பினாங்கில் ஒரு தோல்வி. எல்லாம் அச்சில் இருக்கிறது. கையொப்பமிட எனக்குத் தடை இல்லை.

மற்றப் பக்கத்தில் இருபத்திரண்டு சண்டைகள் சரி. அதில் பதினொன்று எதிராளி வராமலே கிடைத்த வெற்றி என்பதை ரிஷாத் மாஸ்டர் எழுதாமல் விட்டிருக்கிறார். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. நாட்டில் எண்பத்தொரு கிலோவுக்கு மேலே குத்துச்சண்டைக்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்? நீங்கள் மேடையில் ஏறிக் கையைத் தூக்கிவிட்டு இறங்கி வந்து, "என்ன தம்பி, இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்து ஒரு குத்துக் கூட இல்லையே" என்று கவலைப்படுவது நினைவிருக்கிறது.

பிரச்சினை கடைசி வரி. 21.03.1992, தேசிய இறுதி, நிறை 82.1. அந்த வரியில் நான் கையொப்பம் இட ஏலாது. தயவுசெய்து காரணம் கேட்காதீர்கள். அன்றைக்கு எங்களோடு வந்த வேறு யாராவது இருந்தால் அவரிடம் வாங்குங்கள்.

கக்கூசுக் கதை கேலியாகச் சொன்னது. மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் மூன்று தரம் போனது உண்மைதானே நானா.

க. குணரத்தினம்


பதிவுத் தபால்
ஓர்ஸ் ஹில்
17.02.2024

குணரத்தினம்,

உமது கடித உறை ஓரத்தில் இரண்டு தரம் பசை பூசியிருக்கிறது. எழுதி ஒட்டிய பிறகு மறுபடி திறந்திருக்கிறீர். எதை எடுத்தீர், எதைச் சேர்த்தீர்?

வேறு யாரிடம் வாங்குவது? அன்று கொழும்புக்குப் போனது நீரும் நானும் மட்டும். உமக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே எழுதுகிறீர்.

நான் ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். ரிஷாத் மாஸ்டர் பக்கங்களைக் கொண்டு வந்த அன்று உமது வீட்டிலிருந்து உயரமான ஒரு சிங்கள ஆள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனாராம். மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்ததாம். அந்த மூக்கைச் சாய்த்தவன் நான். அடையாளம் சொன்னால் எனக்குத் தெரியாதா? 1992 இறுதியில் இரண்டாம் சுற்றில் நான் விழுத்திய சமரக்கோன்தான் அவன்.

ஆக, தோற்றவன் உமது வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிறான். வென்றவனுக்கு உமது கையொப்பம் இல்லை. இதை எந்தப் பிள்ளையிடம் கொடுத்தாலும் கூட்டிச் சொல்லும். அவன் உமக்கு என்ன சொன்னான்? பட்டத்தைத் தன் பக்கம் மாற்றப் பார்க்கிறானா? அல்லது தொழில்முறைச் சண்டைக்கு ஆள் தேடி வந்த மலேசியாக்காரன் என்னைக் கூட்டிப்போனபோது உம்மைக் கூட்டிப்போகாத கோபம் இன்னும் இருக்கிறதா? நான் கேட்டேன். இரண்டு பேருக்கு டிக்கட் இல்லை என்று அவன் சொன்னான். நீர் நம்பவில்லை. தொண்ணூற்றேழில் நான் ஒரு காதோடு திரும்பி வந்தபோது துறைமுக ஜெட்டிப் பக்கம் கூட நீர் வரவில்லை.

இறுதிப் போட்டிக்குக் கொழும்புக்குப் போன பயணத்தில் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, உம்மை மட்டும் இறக்கினார்கள். எல்லாரும் "நீங்க போங்க, அவர் பின்னால வருவார்" என்றார்கள். நான் இறங்கினேன். நோன்போடு ஆறு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். உம்மை விட்ட பிறகுதான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதற்குக் கணக்குக் கேட்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

இன்னொன்று. போட்டி அன்று காலை நீர் எதையாவது கண்டதாக நினைத்திருந்தால் அது உமது கண்ணின் பிழை. நான் நோன்போடுதான் மேடை ஏறினேன். துறைமுகப் பள்ளிவாசலில் முப்பத்திரண்டு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த விசயம் அது. ரிஷாத் மாஸ்டர் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்.

என்ன கண்டீர்? எழுதும்.

ஸைனுலாப்தீன்


வெள்ளவத்தை
27.02.2024

அன்புள்ள நானாவுக்கு,

உறையை இரண்டு தரம் ஒட்டியது உண்மை. முதலில் எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒட்டினேன். பிறகு பிரித்து அந்தத் தாளை எடுத்துவிட்டேன். இப்போது அதைத் திரும்ப எழுதுகிறேன்.

நான் எதையும் காணவில்லை. செய்தவன் நான்.

ஆறு மணித்தியாலம் வெயிலில் எனக்காக நின்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறந்ததே இல்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது எண்பத்திரண்டரைக் கிலோ இருந்தீர்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அதிகாரிகள் வருமுன்னர், கொழும்புப் போட்டி மண்டபத்து மேடைத் தராசில் உங்களை ஏற்றிப் பார்த்தேன். 80.6. எண்பத்தொன்றைத் தாண்டாவிட்டால் ஹெவிவெயிட்டில் நிற்க ஏலாது. சமரக்கோனுக்குச் சண்டையில்லாமல் பட்டம்.

"நானா, அரைப் போத்தல் தண்ணி குடியுங்க, போதும்" என்று கெஞ்சினேன். "பயணத்தில இருக்கிறவருக்கு நோன்பு விடலாம் என்று நீங்கள்தானே சொன்னீங்க" என்றும் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "நோன்போடதான் வெல்லுவன் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். இப்ப தண்ணி குடிச்சா நான் ஆம்பிளையா?" என்று கேட்டுவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கக் குழாயடிக்குப் போனீர்கள்.

ஏழு மணிக்கு நிறுத்தார்கள். நான் உங்கள் துவாயோடு பின்னால் நின்றேன். துறைமுகத்துக்கு வருமுன்னர் நான் ஒரு தனியார் கிட்டங்கியில் நிறை எழுதும் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கெட்ட பழக்கம் படித்தேன். தராசு மேடையின் பின்பக்க விளிம்பில் கால் பெருவிரலை வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. கால் கிலோ என்றால் கால் கிலோ, அரை என்றால் அரை. என் கால் பிழைத்ததில்லை. அன்று அரைக் கிலோ அழுத்தினேன். 81.1 வரவேண்டும். 82.1 காட்டியது. பயத்தில் காலைக் கூடுதலாக வைத்துவிட்டேன் என்று நினைத்து உடனே எடுத்தேன். அதற்குள் அதிகாரி எழுதிவிட்டார்.

அன்று மாலை இரண்டாம் சுற்றில் நீங்கள் வென்றீர்கள். மலேசியாக்காரன் வந்து கை குலுக்கினான். என்னைக் கூட்டிப்போகாததற்கு எனக்குக் கோபம் இல்லை நானா. நிம்மதியாக இருந்தது. பினாங்கில் நீங்கள் அடி வாங்கிக் காது போன செய்தி வந்தபோது, அது என் கால் அனுப்பிய பயணம் என்று தோன்றியது. அதனால்தான் ஜெட்டிக்கு வரவில்லை.

சமரக்கோன் இங்கே ஓட்டோ ஓட்டுகிறார். கிழமைக்கு ஒருமுறை கிளினிக்குக்கு என்னை ஏற்றிப் போவார். யாரென்று தெரிந்த பிறகும் நான் அவருடைய ஓட்டோவை விடவில்லை. ஒருநாள், "அன்றைக்கு உங்கள் ஆளுக்கு நிறை குறைந்திருந்தால் மலேசியாவுக்கு நான்தான் போயிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

82.1 என்பது என் காலின் நிறையும் சேர்ந்தது. அதற்கு நான் எப்படிச் சாட்சிக் கையொப்பம் இடுவது?

க. குணரத்தினம்


பதிவுத் தபால்
ஓர்ஸ் ஹில்
02.03.2024

குணரத்தினம்,

கடிதம் கிடைத்தது. இதை வேறு யாருக்காவது சொன்னீரா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதும்.

நான் எழுதும் வரை சமரக்கோனிடம் வாயைத் திறக்க வேண்டாம். ரிஷாத் மாஸ்டரிடமும் வேண்டாம்.

ஸைனுலாப்தீன்


பதிவுத் தபால்
ஓர்ஸ் ஹில்
09.03.2024

குணரத்தினம்,

இல்லை என்று ஒரு சொல்லில் தபாலட்டை போட்டிருந்தீர். கிடைத்தது. தபாலட்டையை எல்லாரும் வாசிப்பார்கள் என்று உமக்குத் தெரியாதா?

உமது கடிதத்தை வாசித்த அன்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. உம்மு குல்சும் குசினியிலிருந்து வந்து, "யாரு செத்தது, யாரு பொறந்தது? இப்பிடிச் சிரிக்கிறீங்க" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து நாள் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். மண்டபத்தில் எழுத்து வெட்டுகிறவன் வந்து என் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டு போனான். அதன் பிறகு என்னால் ஏலவில்லை.

அன்று காலை நான் தண்ணீர் குடித்தேன்.

வுழூ எடுக்கும்போது வாய் கொப்பளிக்க வேண்டும். கையில் ஏந்தி வாயில் விட்டேன். ஒரு மிடறு உள்ளே போனது. தவறிப் போனது என்று முப்பத்திரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். தவறிப் போகவில்லை. நான்தான் விழுங்கினேன். முந்தின நாள் வெயில் தொண்டையில் இருந்தது. 80.6 தலையில் இருந்தது. நிறை குறைந்து திரும்பி வந்தால், பஸ்ஸில் இறக்கப்பட்ட குணரத்தினத்தால்தான் பட்டம் போயிற்று என்று துறைமுகத்தில் உம்மை வாழவிட மாட்டார்கள் என்பதும் இருந்தது. அதைப் பெரிதாக எடுக்காதீர், அது மூன்றாவது காரணம். குழாயில் வாயை வைத்து முட்ட முட்டக் குடித்தேன். எவ்வளவு என்று அளக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தராசில் ஏறினேன்.

பயணத்தில் நோன்பை விடலாம், பிறகு ஒருநாள் பிடித்துக்கொள்ளலாம். நீர் அன்று சொன்னது சரி. குற்றம் தண்ணீரில் இல்லை. பட்டத்தோடு வந்து ஸ்டேசனில் இறங்கியபோது, "நோன்போடவா வென்றீங்க?" என்று ஸ்டேசன் முழுக்கக் கேட்டது. ஓம் என்றேன். அந்த ஓம்தான் குற்றம். விட்ட நோன்பைத் திரும்பப் பிடித்தால் உம்மு குல்சும் ஏன் என்று கேட்பாள். அதனால் அதையும் பிடிக்கவில்லை. ஒரு நோன்பு அப்படியே நின்றது.

நீர் அன்று என்னைக் குழாயடியில் கண்டிருக்கிறீர் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் கையொப்பம் இடவில்லை, சமரக்கோனிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறீர் என்று நினைத்தேன். உம்மை நான் சந்தேகப்பட்டது இருபத்தேழு வருடம் அல்ல. முப்பத்திரண்டு வருடம்.

புதன்கிழமை உம்மு குல்சுமிடம் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து என்னையே பார்த்தாள். "இதுக்காகவா? ஒரு நோன்புக்கு? எத்தன பேருக்கிட்ட இந்தக் கதையச் சொல்லி என்னையும் பெருமைப்பட வெச்சீங்க" என்றாள். பிறகு, "நாளைக்குப் புடிங்க. ரமழான் வரமுந்திப் புடிச்சி முடிங்க" என்றாள். வியாழக்கிழமை பிடித்தேன். அவள் என்னோடு கதைக்கவில்லை. நோன்பு திறக்கத் தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இனி இதைக் கேளும். உமது கால் அரைக் கிலோ என்றால், நீர் அழுத்தாமல் விட்டிருந்தாலும் என் நிறை எண்பத்தொன்றுக்கு மேலே. பட்டம் பட்டம்தான். கையொப்பம் இடும்.

ஸைனுலாப்தீன்


வெள்ளவத்தை
15.03.2024

அன்புள்ள நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்பது போலவே நானும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் கடிதத்தில் 81.1 வரவேண்டியது 82.1 காட்டியது என்று எழுதினேன். அதை வாசித்த பிறகுதான் நீங்கள் தண்ணீர் குடித்த கதை வருகிறது. மண்டபத்தில் எழுத்து வெட்டுகிறார்கள். என் கணக்கில் கூடி நிற்கும் ஒரு கிலோவுக்குத் தண்ணீர் தேவை. அந்த ஒரு கிலோ சரியாக வந்து நிற்கிறது. நான் தராசுக்காரன். சரியாக வருகிற கணக்கில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இந்த இடம் வரை எழுதிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். சமரக்கோனின் ஓட்டோவில் வரும்போது, ஒன்றையும் வெளிவிடாமல் பழைய கதையாக அன்றைய இறுதியைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "உங்கள் ஆளுக்கு என்னில் என்ன பயம்? நான் வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் மூன்று தரம் ஓடினான். அதைப் பார்த்து இன்றைக்கு வென்றுவிடலாம் என்று நினைத்தேன்" என்றார்.

ஓட்டோவில் இருந்தபடியே எனக்கு விளங்கியது. முந்தின நாள் ஆறு மணித்தியாலம் வெயிலில் நின்று, இராச் சாப்பாட்டையும் அரைகுறையாக முடித்து, விடிந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மனிதன் மத்தியானத்துக்குள் மூன்று தரம் எப்படிப் போவான்? வாசலில் துவாயோடு மூன்று தரமும் காவல் நின்றவன் நான். ஒரு லீட்டர் தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்று, பயம் என்று ஊருக்குச் சொன்னேன். நீங்களும் முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கேலியைத் தாங்கினீர்கள். பயமில்லை, தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல உங்களுக்கு ஏலாமல் இருந்தது.

நான் நம்புகிறேன் நானா. உங்கள் நிறை 81.6. அதை எழுதினால் கையொப்பம் இடுகிறேன். 82.1 என்றால் மாட்டேன்.

நோன்போடு என்ற வரியை என்ன செய்யப் போகிறீர்கள்?

உங்கள் தம்பி
குணரத்தினம்


ஓர்ஸ் ஹில்
22.03.2024

தம்பி குணரத்தினம்,

நோன்போடு என்ற வரியை நேற்று ரிஷாத் மாஸ்டரின் முன்னால் நானே வெட்டினேன். அவர் பேனையைப் பிடித்தார். "நானா, யாரு இத வாசிக்கப் போறாங்க? அழகா இருக்கு, விடுங்க" என்றார். "நான் வாசிப்பேன்" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலிலும் இரண்டு பேரிடம் சொன்னேன். அந்த இரண்டு பேரும் போதும், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். சிலர் கைகொடுத்தார்கள். ஒருவன், "அப்ப மண்டபத்துக்குப் பேர் மாத்துவாங்களோ" என்று பின்னால் கேட்டான். எனக்கு வலது காது நன்றாகக் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாது. மாற்றுவதென்றால் மாற்றட்டும். குழு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு சண்டையில் எதிராளி வரவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். நீர் அதை எழுதியிருந்தீர். எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி.

இனி உமது கால்.

நீர் என் தண்ணீரைச் சந்தேகப்பட்டீர். நல்லது. நான் உமது காலைச் சந்தேகப்பட்டேன். செவ்வாய்க்கிழமை மீன் சந்தைக்குப் போனேன். தெரிந்த முதலாளி ஒருவர் வைத்திருக்கும் பழைய மேடைத் தராசில் ஒரு அரிசி மூட்டையை வைத்து, பின்னால் நின்று பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். முதல் தரம் முந்நூறு கிராம். இரண்டாம் தரம் ஒரு கிலோவும் நானூறும். மூன்றாம் தரம் எண்ணூறு. முதலாளி, "என்ன நானா, நோன்பு நேரத்தில தராசில வெளயாட்டு" என்றார். ஒரு தரம் கூட அரைக் கிலோ வரவில்லை.

உமது காலும் அன்று பயத்தில் இருந்தது. அரைக்குப் பதில் ஒரு கிலோவும் இருநூறும் அழுத்தியிருந்தால் என் நிறை 80.9. பட்டம் சமரக்கோனுடையது. நான் எவ்வளவு குடித்தேன் என்பதற்கு அளவு இல்லை. மூன்று தரம் கக்கூசுக்குப் போனதிலும் லீட்டர்க் கணக்கு இல்லை. எல்லாம் உமது பெருவிரலில் நிற்கிறது. அது அரைக் கிலோவில் நின்றது என்பதற்கு உமது சொல்லைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

நான் யாருடைய சொல்லையும் எடுத்தவன் இல்லை. அது உமக்குத் தெரியும். டாக்டர் காது வராது என்று சொன்னபோது வேறு மூன்று டாக்டர்களிடம் போனவன். மலேசியாக்காரன் தந்த ஒப்பந்தத்தை நான்கு பேரிடம் வாசிக்கக் கொடுத்து, நாலு பேரையும் சந்தேகப்பட்டவன். செவ்வாய் தொடக்கம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உம்மு குல்சும் இப்போது என்னோடு கதைக்கிறாள். அவளிடம் கேட்டேன். "அந்த ஆளுக்காக வெயில்ல நிண்டீங்கதானே. அப்ப அவர் களவு செஞ்சவரா இல்லையா எண்டு யாரையாவது கேட்டிட்டா நிண்டீங்க?" என்றாள்.

பக்கத்தைப் புதிதாக எழுதி இத்துடன் அனுப்புகிறேன். நிறை 81.6. கையொப்பம் இடும்.

ஏப்ரல் இருபதுக்கு இரண்டு நாள் முந்தியே வாரும். சமரக்கோனையும் அவரது ஓட்டோவிலேயே கூட்டி வாரும். தராசுக் கதையை அவரிடம் நீர் சொல்ல வேண்டும், வழியில் சொன்னால் நல்லது. தண்ணீர்க் கதையை நான் சொல்கிறேன். அவருக்குப் பட்டம் வேண்டும் என்றால் மண்டபத்துக்கு முன்னால் நின்று கேட்கட்டும். எனக்கு இன்னும் வலது கை இருக்கிறது.

இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். பதியவில்லை.

ஸைனுலாப்தீன் நானா